மூன்று ராஜாக்கள் திருநாள்: ரங்கூனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் ஒரு தமிழ்ப் பங்கில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். சில பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடும், சில சயாமா என்று கூப்பிடும். கிறிஸ்துமஸைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஜனவரி பிறந்ததும் ஆரம்பிக்கும். பூசை முடிந்து வெளியே வரும்போது, சாயாக்கடையில், வைபர் குரூப்பில், வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு, கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

டீச்சர், பூசைப் புத்தகத்தில் 'திருக்காட்சிப் பெருவிழா' என்று இருக்கிறது. எங்கள் பாட்டி 'மூணு ராசா திருநாள்' என்கிறார். ரெண்டும் ஒன்றா?

ஒன்றுதான். ஆங்கிலிகன் சபைக்காரர்கள் 'பிரசன்னத் திருநாள்' என்பார்கள், அதுவும் இதேதான். ஆங்கிலத்தில் இதை எபிபனி என்பார்கள், அது கிரேக்கச் சொல். மறைவாக இருந்தது வெளிப்பட்டுத் தெரிவது என்று பொருள்.

கதை மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து ஞானிகள் சிலர் எருசலேமுக்கு வருகிறார்கள். யூதர்களின் அரசராகப் பிறந்திருக்கிறவர் எங்கே, அவருடைய நட்சத்திரத்தைக் கண்டோம் என்று விசாரிக்கிறார்கள். ஏரோது அரசனுக்குக் கலக்கம். தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் கூப்பிட்டுக் கேட்கிறான். பெத்லகேமில் என்று பதில் வருகிறது. 'குழந்தையைக் கண்டுபிடித்ததும் எனக்கும் வந்து சொல்லுங்கள், நானும் வணங்க வேண்டும்' என்று நைசாகப் பேசி அவர்களை அனுப்புகிறான். அவர்கள் போய்க் குழந்தையைத் தாய் மரியாவோடு கண்டு, விழுந்து வணங்கி, பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொடுக்கிறார்கள். ஏரோதிடம் திரும்ப வேண்டாம் என்று கனவில் எச்சரிக்கை வருகிறது. வேறு வழியாக ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவ்வளவுதான், மொத்தம் 12 வசனம்.

பாட்டி சொல்லும் பெயர் வந்தவர்களைப் பற்றியது, புத்தகத்தில் இருக்கும் பெயர் காட்டப்பட்ட குழந்தையைப் பற்றியது. பாட்டியைத் திருத்தப் போக வேண்டாம்.

தேதி ஜனவரி 6ஆ? நம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வைக்கிறார்களே?

பழைய தேதி 6தான். அது கடன் திருநாளாக (பூசைக்குக் கட்டாயம் போக வேண்டிய நாளாக) இல்லாத நாடுகளில், ஜனவரி 2 முதல் 8க்குள் வரும் ஞாயிறுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை மாற்றி வைத்திருக்கிறது. 2026இல் அந்த ஞாயிறு ஜனவரி 4, அதாவது பர்மாவின் சுதந்திர தினம். அந்தத் தேதிக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, கீழே வருகிறேன்.

மூன்று பேர்தானா? ராஜாக்கள்தானா?

மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்று என்று ஆகிவிட்டது. ரோமாபுரியின் பழைய நிலவறைக் கல்லறை ஓவியங்களில் ஓரிடத்தில் இரண்டு பேர், இன்னோரிடத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். சிரியத் திருச்சபை மரபில் 12 பேர். குடில் கட்டுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

ராஜா என்றும் மத்தேயு சொல்லவில்லை. அரசர்கள் காணிக்கை கொண்டுவருவார்கள் என்று 72ஆம் திருப்பாடல் பாடுகிறது. எசாயா 60ஆம் அதிகாரத்தில் மன்னர்கள் உன் ஒளியைத் தேடி வருவார்கள் என்று இருக்கிறது, ஒட்டகங்களும் பொன்னும் சாம்பிராணியும் அங்கேயே வருகின்றன. இந்த இரண்டையும் மத்தேயுவோடு சேர்த்து வாசித்து வாசித்துத்தான் ஞானிகளின் தலையில் கிரீடம் ஏறியது, ஒட்டகமும் கிடைத்தது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் 6ஆம் நூற்றாண்டு வாக்கில் நிலைத்தவை. மாட்டுத் தொழுவமும் லூக்காவைப் படித்து நாம் வைத்ததுதான். மத்தேயு 'வீட்டுக்குள் போய்' என்கிறார்.

கிரேக்கத்தில் 'மாகோய்' என்று இருக்கிறது. பாரசீகத்துப் பூசாரிகள், நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்கிறவர்கள். பழைய தமிழ் வேதாகமம் அவர்களை 'சாஸ்திரிகள்' என்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் பொருத்தமான மொழிபெயர்ப்பு. ஞானிகள் என்றால் தாடி வைத்த பெரியவர்கள் கண்ணில் வருகிறார்கள். சாஸ்திரிகள் என்றால் கையில் பஞ்சாங்கம் தெரிகிறது.

அப்படியானால் நட்சத்திரம் பார்த்துத்தானே அவர்கள் வந்தார்கள்? நாம் பேடின் சயாவிடம் (பர்மியச் சோதிடரிடம்) நாள் பார்த்தால் மட்டும் ஏன் தப்பு?

எனக்குப் பிடித்த கேள்வி. பர்மாவில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த நாடு விடுதலை அடைந்ததே சோதிடர் குறித்த நேரத்தில். 1948 ஜனவரி 4, விடியற்காலை 4 மணி 20 நிமிடம். ஒரு தேசமே அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருந்தது. ரங்கூனின் பெரிய புத்தக் கோயிலான ஷ்வேடகோன் பயாவுக்குப் போனால் சுற்றிலும் கிழமைக்கு ஒரு மூலை. புதன்கிழமை காலை, மாலை என்று இரண்டாகப் பிரிந்து மொத்தம் எட்டு மூலை. அவரவர் பிறந்த கிழமையின் மூலையில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். என் வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் திங்களுக்குப் புலி, வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம் என்று ஒப்பிக்கும். பத்துக் கட்டளையில் ஆறாவது என்ன என்று கேட்டால் மேலே பார்க்கும்.

சரி, பதிலுக்கு வருகிறேன். திருச்சபை சோதிடம் பார்ப்பதை ஏற்பதில்லை, மறைக்கல்வி நூலில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் மத்தேயு அந்த மனிதர்களைத் திட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு எபிரேயம் தெரியாது, மோசேயின் சட்டம் தெரியாது. தெரிந்தது வானம் மட்டும். கடவுள் அவர்களுக்குத் தெரிந்த பாஷையிலேயே பேசினார்.

ஆனால் நட்சத்திரம் எதுவரை உதவியது என்று பாருங்கள். எருசலேம் வரை கொண்டுவந்து விட்டது. அங்கே அவர்கள் ஊர்க்காரர்களிடம் வழி கேட்க வேண்டியிருந்தது, வேத புத்தகத்திலிருந்துதான் பதில் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் நட்சத்திரம் மறுபடி முன்னே போய்க் குழந்தை இருந்த இடத்துக்கு மேலே நின்றது. குழந்தையைப் பார்த்த பிறகு நட்சத்திரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. திரும்பிப் போகும் வழியைச் சொன்னது கனவு. இன்னொன்று என் சொந்த அபிப்பிராயம்: அவர்களை நட்சத்திரம் வீட்டை விட்டுக் கிளப்பியது. நான் பார்த்த வரையில் நாள் பார்க்கிறவர்கள் கிளம்புவதற்காகப் பார்ப்பதில்லை. செவ்வாய் ஆகாது, அடுத்த வாரம் ஆகாது என்று கிளம்பாமல் இருக்கத்தான் பார்க்கிறார்கள்.

அந்த நட்சத்திரம் உண்மையில் என்ன?

கெப்ளர் என்ற வானியலாளர் 1603 கடைசியில் வியாழனும் சனியும் நெருங்கி வந்ததைப் பார்த்தார். கணக்குப் போட்டுப் பின்னால் போனபோது கி.மு. 7இல் அதே இரண்டும் சேர்ந்தது தெரிந்தது. ஏரோது இறந்தது கி.மு. 4 வாக்கில் என்பதால் காலமும் ஒத்துவருகிறது. வால் நட்சத்திரம் என்பவர்களும் உண்டு. எந்தக் கிரகமும் ஒரு வீட்டுக்கு மேலே வந்து நிற்காது என்று பையன்கள் மடக்குவார்கள், அவர்கள் சொல்வது சரிதான். எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை.

பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம்: குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு?

மரபான விளக்கம் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, வெள்ளைப்போளம் சாகப்போகிற மனிதருக்கு. அதை ஒப்பிப்பதோடு வகுப்பை முடித்துவிட எனக்கு மனம் வராது. பொருளையே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பொன்னைப் பற்றி பர்மாவில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'ஷ்வே' என்றாலே தங்கம், ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் ஷ்வே இருக்கிறது. மண்டலேயில் தங்கத்தைச் சுத்தியலால் அடித்து அடித்து, ஊதினால் பறக்கும் தாளாக ஆக்கி, மகாமுனி புத்தர் சிலையில் ஒட்டுகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் 'பொன் காணிக்கை' என்பது உவமை மாதிரியே தோன்றாது.

சாம்பிராணியில் ஒரு குழப்பம் உண்டு. நாம் செவ்வாய் வெள்ளி வீட்டில் போடும் சாம்பிராணி சுமத்ரா பக்கத்து மரப் பிசின். ஞானிகள் கொண்டுபோனது அரபு நாட்டிலும் சோமாலியா பக்கத்திலும் வளரும் வேறொரு மரத்தின் பிசின், அதைப் பறங்கிச் சாம்பிராணி என்பார்கள். மணம் கொஞ்சம் எலுமிச்சை கலந்த மாதிரி இருக்கும். ஒரு வருடம் வகுப்புக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி மூட்டி இரண்டையும் போட்டுக் காட்டினேன். 'ரெண்டாவது கோயில் வாசனை, முதலாவது எங்க வீட்டு வாசனை' என்று ஒரு பெண் சொன்னாள். இப்போது கடையில் வரும் கப் சாம்பிராணியில் இரண்டு வாசனையும் இல்லை.

வெள்ளைப்போளத்தைப் பார்த்தவர் குறைவு. பழுப்பு நிறக் கட்டி, நாக்கில் வைத்தால் கசப்பு. பிள்ளை பெற்றவர்களுக்கான நாட்டு மருந்துகளில் போளம் சேரும் என்று என் பாட்டி சொல்வார். குழந்தை பிறந்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோனதில் அவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. ஆனால் நற்செய்தியில் அது மறுபடியும் இரண்டு இடத்தில் வருகிறது. சிலுவையில் அறையும் முன் இயேசுவுக்கு நீட்டப்பட்ட திராட்சை ரசத்தில் வெள்ளைப்போளம் கலந்திருந்தது என்கிறார் மாற்கு. அடக்கத்துக்கு நிக்கதேம் கொண்டுவந்த கலவையிலும் அது இருந்தது என்கிறார் யோவான். பெத்லகேமில் திறந்த பெட்டியின் வாசனை கல்லறை வரை வருகிறது.

இன்னொரு பதிலும் உண்டு, யாரோ ஒரு பையன் சொன்னது. அடுத்த வசனத்திலேயே சூசையப்பர் குடும்பத்தோடு எகிப்துக்கு ஓடுகிறார். வழிச்செலவுக்கு அந்தத் தங்கத்தை விற்றிருப்பார்கள் என்றான். பைபிளில் அப்படி இல்லை. ஆனால் இந்த ஊரில் இரவோடு இரவாகக் கிளம்பிய குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைக்கு அது தோன்றாமல் இருக்குமா?

குடிலில் ராஜாக்களை எப்போது வைக்க வேண்டும்?

24ஆம் தேதி இரவே எல்லாரையும் கூட்டமாக நிறுத்திவிடுகிறோம். அவர்கள் அன்றைக்கு வந்திருக்க முடியாது. கொஞ்ச நாள் நடக்க விடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆறாவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று மூன்று ராஜா சுரூபங்களையும் தரைத்தளத்தில் இருக்கும் குடும்பத்திடம் கொடுத்துவிடுவோம். இரண்டு நாளுக்கு ஒரு மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீடு அவர்களை வைத்திருந்து, பிறகு மேலே இருக்கும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். திருநாளுக்கு எங்கள் வீட்டுக் குடிலுக்கு வந்து சேருவார்கள். வழியில் இருக்கும் வீடுகளில் ஒன்று கரேன் பாப்டிஸ்ட், ஒன்று முஸ்லிம், மற்றதெல்லாம் பௌத்தர். யாரும் வேண்டாம் என்றதில்லை. பல்தசாருக்கு வலது கை முறிந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறது, மூன்றாவது மாடிப் பிள்ளையின் கைங்கரியம்.

குடிலை எப்போது கலைப்பது என்றும் கேட்பார்கள். ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது. பிப்ரவரி 2 வரை வைத்திருக்கும் பழைய வழக்கமும் உண்டு.

இந்தக் கதை இன்றைய விசுவாசத்துக்கு என்ன சொல்கிறது?

ஒவ்வொரு பிரசங்கத்திலும் ஞானிகளைப் பற்றிக் கேட்கிறோம், ஏரோதைப் பற்றியும் கேட்கிறோம். எனக்கு உறுத்துவது நடுவில் வரும் அந்த மறைநூல் அறிஞர்கள். மெசியா எங்கே பிறப்பார் என்று அரசன் கேட்டதும் தயங்கவே இல்லை. 'யூதேயாவில் உள்ள பெத்லகேமில்' என்று மீக்கா ஆகமத்தை எடுத்துச் சொல்கிறார்கள். விடை நூற்றுக்கு நூறு சரி. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சூலே பயாவில் புறப்பட்டு இன்யா ஏரியைத் தாண்டுகிற தூரம்தான். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். ஒருவரும் போகவில்லை. மாதக்கணக்கில் நடந்து வந்த அந்நியர்களுக்கு வழி சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறைக்கல்வி ஆசிரியைக்கு இதைவிடச் சங்கடமான வசனம் வேண்டாம். எனக்கு அதிகாரம், வசனம், கிரேக்கச் சொல் எல்லாம் தெரியும். சில வருடங்களுக்கு முன், கயா மாநிலத்தில் சண்டைக்குப் பயந்து ஓடி வந்த ஒரு குடும்பம் எங்கள் பூசைக்கு வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். தமிழ்ப் பாட்டு அவர்களுக்குப் புரியாது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று நான் வாசகம் வாசித்தேன், 'எழு, ஒளிவீசு' என்ற அதே எசாயா 60. நன்றாக வாசித்தேன் என்று நாலு பேர் சொன்னார்கள். பூசை முடிந்ததும் அந்தக் குடும்பத்திடம் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பெஞ்ச் காலி. அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. பெஞ்சுக்கும் எனக்கும் நடுவில் 9 கிலோமீட்டர் கூட இல்லை, 12 வரிசைதான்.

திருக்காட்சி என்றால் இன்று என்ன பொருள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். கடவுள் காட்டப்பட்டிருக்கிறார், விலாசமும் நமக்குத் தெரியும். எழுந்து போகிறோமா என்பதுதான் கேள்வி.

நாமே இந்த நாட்டில் அந்நியர் மாதிரித்தானே இருக்கிறோம்? நமக்கு இந்தத் திருநாளில் என்ன ஆறுதல்?

அன்றைய இரண்டாம் வாசகத்தைப் பாருங்கள், எபேசியர் மூன்றாம் அதிகாரம். பிற இனத்தாரும் உடன் உரிமையாளர்கள், ஒரே உடலின் உறுப்புகள் என்று பவுல் எழுதுகிறார். இந்த நாட்டில் 1982ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன் இங்கே வேரூன்றிய இனங்களை ஒரு மாதிரியும் மற்றவர்களை வேறு மாதிரியும் பிரிக்கிறது. அட்டையே ரோஸ், நீலம், பச்சை என்று மூன்று நிறம். நாலு தலைமுறையாக இங்கே பிறந்தவரையும் 'எந்த நாட்டுக்காரர்' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'உடன் உரிமையாளர்' என்ற சொல் சும்மா காதில் விழுந்து போகாது. மத்தேயுவின் கதையில் குழந்தையைத் தேடி முதலில் வந்தவர்களே வெளிநாட்டுக்காரர்கள். மரியா அவர்களிடம் எதையும் கேட்டதாக எழுதியில்லை.

ஆனால் ஆறுதலோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற்று வேலை. நாமும் நம் கோயிலுக்குள் 'அவங்க யாரு, என்ன ஆளுங்க' என்று விசாரிக்கத்தான் செய்கிறோம். ஊர், சாதி, எந்தக் கப்பலில் வந்த குடும்பம் என்று நமக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்த அட்டைக்கு நிறம் தெரியாது, அவ்வளவுதான்.

பௌத்தர்கள், இந்துக்கள் எல்லாரும் கடைசியில் கிறிஸ்தவர் ஆக வேண்டும் என்பதுதான் இந்தத் திருநாளின் பொருளா? அல்லது எல்லா மதமும் ஒன்று என்பதா?

இரண்டு பக்கமும் இந்தக் கதையை இழுக்கிறார்கள். மத்தேயு எழுதியதைப் பார்த்தால், வந்தவர்கள் இயேசுவைத்தான் வணங்கினார்கள், அதை மழுப்ப முடியாது. அதே சமயம் அவர்கள் மதம் மாறியதாகவோ பெத்லகேமில் தங்கியதாகவோ ஒரு வார்த்தை இல்லை. வந்தார்கள், வணங்கினார்கள், தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது கடவுளுக்குத் தெரியும்.

ரங்கூன் அந்தோணியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்ற வருகிறவர்களைப் பாருங்கள், பிப்ரவரியில் ஞாங்லேபின் மாதா திருவிழாவுக்குப் போகும் கூட்டத்தைப் பாருங்கள். கழுத்தில் சிலுவை இல்லாதவர்களும் அதில் நிறைய. அவர்களிடம் நான் எதையும் விசாரிப்பதில்லை. திரி வேண்டுமா என்று மட்டும் கேட்பேன்.

'வேறு வழியாகத் திரும்பினார்கள்' என்பதற்கு ஆன்மிக அர்த்தம் சொல்கிறார்களே?

கிறிஸ்துவைக் கண்டவர் பழைய வழியில் போக மாட்டார் என்பார்கள். நல்ல விளக்கம்தான். எங்கள் வீட்டில் அதற்கு நேரடி அர்த்தமே உண்டு.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்றும் போட்டன. என் தாத்தாவின் அப்பா அப்போது துறைமுகத்தில் வேலை பார்த்தார். 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே கிளம்பினார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. அவர் வடக்கே போய்த் தமு வழியாக மலை ஏறி இம்பால் சேர்ந்தார். போர் முடிந்ததும் மெட்ராஸில் கப்பல் ஏறி ரங்கூனுக்கே திரும்பி வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், 'வீடு இங்கேதானே இருந்தது' என்பாராம். நடந்து போனவர் தண்ணீரில் வந்தார். தாத்தா ஒவ்வொரு வருடமும் இந்த வாசகம் முடிந்ததும் என் பக்கம் குனிந்து 'வேறு வழியா' என்று முணுமுணுப்பார்.

1964இல் கடைகள் அரசுடைமை ஆனபோது இன்னொரு பெரிய கூட்டம் கிளம்பியது. எங்கள் உறவில் பாதிப் பேர் அதில் போனார்கள். அவர்கள் திரும்பவில்லை.

எங்கள் பாப்டிஸ்ட் நண்பர்கள் இதைக் கொண்டாடுவதில்லை. பைபிளில் இப்படி ஒரு திருநாள் இல்லை என்கிறார்கள்.

திருநாள் இல்லை, கதை இருக்கிறது. அவர்கள் கதையை வாசிக்கிறார்கள், நாம் வாசித்துவிட்டு ஊர்வலமும் போகிறோம். இந்த மண்ணில் வேதாகமத்தைப் பர்மிய மொழியில் தந்தவர் 1813இல் ரங்கூன் வந்திறங்கிய ஜட்சன் என்ற பாப்டிஸ்ட் போதகர். அவர்களோடு இதில் சண்டை போட எனக்கு விருப்பமில்லை.

சிலர் ஜனவரி 6ஆம் தேதியே கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, அதற்குச் சாட்சி நம் ஊரிலேயே நிற்கிறது. போ ஆங் ஜோ தெருவில் ஆர்மேனியர்களின் புனித யோவான் கோயில் இருக்கிறது. 1862இல் கட்டியது. ஒரு காலத்தில் வியாபாரத்துக்கு வந்து செல்வாக்காக இருந்தவர்கள் ஆர்மேனியர்கள், ஸ்ட்ராண்ட் ஹோட்டலைத் தொடங்கிய சகோதரர்களும் அவர்கள்தான். ஆர்மேனியத் திருச்சபை கிறிஸ்துவின் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. மிகப் பழைய வழக்கம் அது. கீழைத் திருச்சபைகளில் இந்தத் திருநாள் ராஜாக்களைவிட யோர்தான் ஆற்றைப் பற்றியது. நம் மரபிலும் ஞானிகளின் வருகை, திருமுழுக்கு, கானா ஊர்க் கல்யாணம் மூன்றையுமே திருக்காட்சி என்று பழைய பாடல்கள் பாடுகின்றன.

வாசலில் சாக்பீஸால் ஏதோ எழுதுகிறார்களே?

நிலைக்கு மேலே வருடத்தின் எண்ணை இரண்டாகப் பிரித்து, நடுவில் சி, எம், பி என்ற ரோமன் எழுத்துகளைச் சிலுவைக் குறியோடு எழுதுவது. 20 + சி + எம் + பி + 26. மூன்று ராஜாக்களின் முதலெழுத்து என்பார்கள். 'கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக' என்ற இலத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்து என்றும் சொல்வார்கள். ஐரோப்பாவில் தோன்றிய வழக்கம். வாசலில் மாவால் கோலம் போட்ட குடும்பத்துக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படவில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

பேரனுக்குத் தமிழ் வராது. பர்மியத்தில் கதை சொன்னால் பரவாயில்லையா?

தாராளமாக. தமிழில் கேட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஒன்றும் புரியாமல் அனுப்பாதீர்கள். 'வெள்ளைப்போளம்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் தமிழில் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் பார்ப்பதில் அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் வீட்டு ராஜாக்கள் எப்போதாவது வழி தவறியதுண்டா?

போன தடவை நடந்தது. ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கும் பௌத்த அம்மாவிடம் இரண்டு நாள் இருந்தார்கள். அவர் பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு தட்டில் வைத்து, மூவருக்கும் மல்லிகைச் சரம் போட்டிருந்தார். திருநாள் அன்று சாயந்திரம் கரண்ட் இல்லை, மாடிப்படி கும்மிருட்டு. அவருக்கு முழங்கால் வலி. நாங்கள் இறங்கிப் போவதற்குள் பால்கனியில் மணி அடித்தது. ரங்கூன் மாடி வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், கடைக்காரர் பேப்பரோ கீரையோ மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிளிப்போடு ஒரு கயிறு தொங்கும். எட்டிப் பார்த்தேன். கீழ் பால்கனியிலிருந்து அந்த அம்மா எங்கள் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பையில் மூன்று ராஜாக்களும் மல்லிகையோடு தொங்கினார்கள். என் மகன் இழுத்தான், பல்தசாரின் கை மறுபடி விட்டுப்போகாமல் மெதுவாக. பை மேலே வந்து சேர்ந்ததும், இருட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த தாத்தா சொன்னார்: 'வேறு வழியா.'